கெட்சைஸ்ஆஃப் எதை எடை போடுகிறது?

பைத்தானில் ஒரு ஆப்ஜெக்ட் எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சிஸ் மாட்யூலை இம்போர்ட் பண்ணு, கெட்சைஸ்ஆஃப் போட்டுப் பாரு." ஒரு வரிதான், உடனே ஒரு எண் கிடைக்கும், அதுவும் கடைசி பைட் வரை துல்லியமாக. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு லிஸ்ட்டா டப்பிளா, கிளாஸா டிக்ஷனரியா, இருக்கிற மெஷின் போதுமா பெரிய மெஷின் வாங்கணுமா என்றெல்லாம் முடிவு செய்கிறார்கள்.

இந்த ஃபங்ஷன் பொய் சொல்வதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் குறை வேறு. அது ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்கிறது, ஆனால் நாம் கேட்டது அந்தக் கேள்வி இல்லை. அதன் பெயரோ நாம் கேட்டதற்கே பதில் சொல்வதுபோல இருக்கிறது. தமிழ்ச் சொற்களை எண்ணுவது, தொகுப்பது மாதிரியான வேலைகளுக்குத்தான் நான் பைத்தானை அதிகம் பயன்படுத்துகிறேன். அதனால் எடுத்துக்காட்டுகளையும் அங்கிருந்தே எடுக்கிறேன். கீழே வரும் எண்கள், வேறு பதிப்பைக் குறிப்பிடாத இடங்களில், 64 பிட் கணினியில் ஓடும் சிபைத்தான் 3.12க்கு உரியவை.

சீட்டின் எடையா, வீட்டின் எடையா?

ஒரே ஒரு உறுப்பு உள்ள லிஸ்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உறுப்பு 'நன்' என்ற வெற்று மதிப்பு. கெட்சைஸ்ஆஃப் 64 பைட் என்கிறது. இப்போது அந்த உறுப்பை எடுத்துவிட்டு, 1 ஜிபி அளவுள்ள ஒரு ஸ்டிரிங்கை அங்கே வையுங்கள். மறுபடி கேளுங்கள். அதே 64 பைட்தான்.

காரணம் எளியது. பைத்தான் லிஸ்ட் தன் உறுப்புகளை உள்ளே வைத்துக்கொள்வதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்ற விலாசத்தை மட்டும் வைத்திருக்கிறது. ஒரு விலாசத்துக்கு 8 பைட், லிஸ்ட்டின் தலைப்பகுதிக்கு 56 பைட். கூட்டினால் 64. விலாசம் எழுதிய சீட்டை எடை போட்டுவிட்டு வீட்டின் எடை இவ்வளவு என்று சொன்னால் எப்படி இருக்கும்? கெட்சைஸ்ஆஃப் போடுவது சீட்டின் எடை. அதிகாரபூர்வ ஆவணத்திலும் இது தெளிவாகவே இருக்கிறது. ஆப்ஜெக்ட்டுக்கு நேரடியாகச் சொந்தமான மெமரி மட்டுமே கணக்கில் வரும், அது சுட்டுகிற மற்ற ஆப்ஜெக்ட்டுகள் வராது என்கிறது.

ஆவணத்தில்தான் இருக்கிறதே, பிறகு என்ன குறை? பெயர்தான் குறை. 'சைஸ்ஆஃப்' என்பது சி மொழியிலிருந்து வந்த சொல். அங்கே அது ஒரு டைப் எத்தனை பைட் பிடிக்கும் என்று, பெரும்பாலும் கம்பைல் நேரத்திலேயே, சொல்லிவிடும். சி எழுதுகிறவர் பாயிண்டரின் அளவும் அது காட்டும் இடத்தின் அளவும் வேறு வேறு என்பதை முதல் மாதத்திலேயே அடிபட்டுக் கற்றுக்கொள்கிறார். பைத்தான் எழுதுகிறவர் கண்ணில் பாயிண்டரே படுவதில்லை. அதுதான் அந்த மொழியின் வசதி. 2008இல் 2.6 பதிப்போடு இந்த ஃபங்ஷன் வந்தபோது சி மொழியின் பெயரும் கூடவே வந்தது. அந்தப் பெயரைப் புரிந்துகொள்ளத் தேவையான பயிற்சி வரவில்லை.

பாடப் புத்தக ஒப்பீடு

ஜெனரேட்டர் சொல்லித்தரும்போது எல்லோரும் காட்டும் ஒரு ஒப்பீடு உண்டு. 0 முதல் 10 லட்சம் வரையான எண்களை ஒரு லிஸ்ட்டில் போடுவார்கள், கெட்சைஸ்ஆஃப் சுமார் 84 லட்சம் பைட் என்று காட்டும். அதையே ஜெனரேட்டராக எழுதினால் நூறு, இருநூறு பைட். "பார்த்தீங்களா!" என்று முடிப்பார்கள்.

முடிவு சரிதான். ஜெனரேட்டர் இடம் பிடிக்காது. ஆனால் 84 லட்சம் என்ற எண்ணில் அந்த 10 லட்சம் எண்களும் இல்லை. இருப்பவை அவற்றின் விலாசங்கள் மட்டுமே. ஒவ்வொரு முழு எண்ணும் தனி ஆப்ஜெக்ட், 28 பைட். அதுவும் முழுக்கணக்கு இல்லை. பைத்தானின் உள் மெமரி ஒதுக்கி 512 பைட் வரையான சிறு கேட்புகளுக்கு 16இன் மடங்குகளாகத்தான் இடம் கொடுக்கும். 28 கேட்டால் 32 கிடைக்கும். கெட்சைஸ்ஆஃப்புக்கு இது தெரியாது. ஆக எண்களுக்கு மட்டும் சுமார் 3 கோடியே 20 லட்சம் பைட். 256 வரையான எண்களை மட்டும் சிபைத்தான் முன்கூட்டியே செய்து வைத்துப் பகிர்ந்துகொள்கிறது, அந்தக் கழிவு இங்கே ஒன்றுமில்லை. உண்மையான கணக்கு 4 கோடி பைட்டைத் தொடுகிறது. ஃபங்ஷன் சொன்னது அதில் ஐந்தில் ஒரு பங்கு.

இந்த ஒப்பீட்டை நான் குறை சொல்வதற்குக் காரணமே முடிவு சரியாக இருப்பதுதான். முடிவு சரியாக வந்துவிட்டால் வழி தவறு என்பதை யாரும் பார்ப்பதில்லை. அதே வழியைப் பிறகு, முடிவு தெரியாத இடத்திலும் பயன்படுத்துகிறோம். டப்பிள் லிஸ்ட்டை விட இலேசானது என்று இதே அளவுகோலால் நிறுவுவதும் அப்படித்தான். தலைப்பகுதியில் வித்தியாசம் 16 பைட், அதோடு லிஸ்ட் பின்னால் வளர்வதற்காக ஒதுக்கி வைத்த காலி இடம். மூன்று உறுப்புகள் இருக்கும்போது இது பெரிய சதவீதமாகத் தெரியும். 10 லட்சம் உறுப்புகள் வந்துவிட்டால் அந்த 16 பைட் எங்கே என்று தேட வேண்டும்.

எங்கே அது நேர்மையானது

ஒருதலையாக எழுதக்கூடாது. யாரையும் சுட்டாத ஆப்ஜெக்ட்டுகளுக்குக் கெட்சைஸ்ஆஃப் நல்ல கருவி. முழு எண், பைட் வரிசை, ஸ்டிரிங் எல்லாம் இந்த வகை. குறிப்பாகத் தமிழ் ஸ்டிரிங்குகளை வைத்து இதில் விளையாடிப் பார்க்கலாம், நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கோப்பில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் குறிக்கு 3 பைட் வீதம் 15 பைட். பைத்தான் மெமரியில்? கெட்சைஸ்ஆஃப் 68 என்கிறது. அதில் 58 பைட் தலைப்பகுதியும் இறுதிக் குறியும். மீதி 10தான் சொல். அதாவது குறிக்கு 2 பைட். இதே சொல்லை ஆங்கில எழுத்தில் ஐந்தெழுத்தாக எழுதினால் 46 பைட்: தலைப்பகுதி 41, எழுத்துக்கு 1. முந்தைய 3.11 பதிப்பில் இந்த எண்கள் 84, 54 என்று இருந்தன. பழைய பயன்பாட்டுக்காக வைத்திருந்த சில உள் புலங்களை 3.12இல் நீக்கியதால் இறங்கின.

2012இல் 3.3 பதிப்போடு வந்த பெப் 393 என்ற மாற்றம்தான் இதற்குப் பின்னால் இருப்பது. ஒரு ஸ்டிரிங்கில் இருக்கும் மிகப் பெரிய குறியைப் பார்த்து, முழு ஸ்டிரிங்கையும் குறிக்கு 1 பைட்டிலா, 2 பைட்டிலா, 4 பைட்டிலா வைப்பது என்று பைத்தான் முடிவு செய்கிறது. தமிழ் எழுத்துகள் 2 பைட் வகையில் அடங்கும். ஆனால் 2019இல் யூனிகோட் 12.0இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகள், அதாவது முந்திரி (1/320) மாதிரியானவை, 4 பைட் வகை. எமோஜிகளும் அப்படியே. 50 லட்சம் குறிகள் உள்ள ஒரு தமிழ் நூலை ஒரே ஸ்டிரிங்காக ஏற்றினால் 1 கோடி பைட். அதில் எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு முந்திரிக் குறி இருந்தால் 2 கோடி பைட். ஒரு குறிக்காக மொத்தமும் இரட்டிப்பு. பழைய கணக்குச் சுவடிகளை மின்னாக்கம் செய்கிறவர்களுக்கு இது வேடிக்கை இல்லை. இதைக் கண்ணால் பார்க்கக் கெட்சைஸ்ஆஃப்பை விட எளிய கருவி கிடையாது.

லிஸ்ட்டிலும் இப்படி ஒரு நல்ல செய்தி உண்டு. பத்து பூஜ்யங்களைப் பெருக்கல் குறியால் ஒரே அடியில் உருவாக்கினால் அந்த லிஸ்ட் 136 பைட். காலி லிஸ்ட்டில் ஒவ்வொன்றாக அப்பெண்ட் செய்தால் 184 பைட். இரண்டும் சமமா என்று கேட்டால் பைத்தான் ஆமாம் என்கிறது. அடுத்த வரவுக்காக முன்கூட்டியே ஒதுக்கிய இடம்தான் வித்தியாசம். ஒரு கட்டமைப்பின் உள்ளமைப்பை ஆராய்கிறவருக்கு இந்த எண் மிகத் துல்லியமான சாட்சி.

ஆகவே தன் எல்லைக்குள் இது நேர்மையான கருவி. எல்லைக்கு வெளியே கொண்டுபோனால்தான் சிக்கல்.

யார் கணக்கிலும் வராத 80 லட்சம்

இப்போது உண்மையான வேலைக்கு வருவோம். ஒரு தொகுப்பிலிருந்து 1 லட்சம் தனித்தனிச் சொற்களை எடுத்து, சொல்லுக்கு எதிரே அது வந்த தடவையை ஒரு டிக்ஷனரியில் வைக்கிறேன். ஒரு சொல்லுக்குச் சராசரி 10 யூனிகோட் குறி என்று வைத்துக்கொள்வோம்.

கெட்சைஸ்ஆஃப் சொல்வது சுமார் 38 லட்சம் பைட். இது டிக்ஷனரியின் சட்டகம் மட்டும். சொற்கள் வெளியே இருக்கின்றன. ஒவ்வொன்றும் 78 பைட், ஒதுக்கப்படும் இடம் 80. ஆக 80 லட்சம். பெரும்பாலான தடவை எண்கள் சிறியவை, பகிரப்பட்டவை, விட்டுவிடலாம். மொத்தம் சுமார் 1 கோடியே 20 லட்சம் பைட். ஃபங்ஷன் காட்டியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

சரி, உள்ளே போய் ஒவ்வொன்றையும் அளந்து கூட்டினால் போச்சு என்று தோன்றும். பைத்தான் ஆவணமே அதற்கு ஒரு ரெசிபியைச் சுட்டிக்காட்டுகிறது. பிம்ப்ளர் போன்ற தொகுப்புகளும் இருக்கின்றன. ஒரே ஆப்ஜெக்ட்டை இரண்டு தடவை எண்ணிவிடாமல், ஏற்கெனவே பார்த்ததைக் குறித்துக்கொண்டே போகும். நன்றாகவே வேலை செய்யும், ஒற்றை டிக்ஷனரி இருக்கும்வரை.

இப்போது அதே சொல் ஆப்ஜெக்ட்டுகளைச் சாவியாக வைத்து இரண்டாவது டிக்ஷனரி ஒன்று செய்கிறேன். இதில் சொல்லுக்கு எதிரே அது பெயரா, வினையா, இடையா என்ற குறிப்பு. முதலாவதைத் தனியாக ஆழமாக அளந்தால் 1.2 கோடி. இரண்டாவதைத் தனியாக அளந்தாலும் ஏறக்குறைய அதே 1.2 கோடி. கூட்டினால் 2.4 கோடி. ஆனால் இரண்டும் சேர்ந்து உண்மையில் பிடிப்பது 1 கோடியே 56 லட்சம்தான், ஏனென்றால் சொற்கள் ஒரே ஒரு தடவைதான் மெமரியில் இருக்கின்றன.

மெமரி பற்றவில்லை, இரண்டாவதை அழித்துவிடலாம் என்று நினைத்தால்? 1.2 கோடி விடுபடாது. 38 லட்சம்தான் விடுபடும். முதலாவதை மட்டும் அழித்தாலும் அதே கதை. இரண்டையும் அழித்தால் 1 கோடியே 56 லட்சமும் விடுபடும். அந்த 80 லட்சம் முதலாவதற்கும் சொந்தமில்லை, இரண்டாவதற்கும் சொந்தமில்லை.

கிராமத்தில் நிலம் பாகம் பிரித்தவர்களுக்கு இது புதிதல்ல. அண்ணன் தம்பி நாலு பேர், நடுவில் ஒரு கிணறு. பத்திரத்தில் "கிணற்றில் நாலில் ஒரு பங்கு" என்று எழுதுவார்கள். ஒருவர் தன் நிலத்தை விற்றுவிட்டுப் போனாலும் கிணறு அங்கேயேதான் இருக்கும். நாலு பேரிடமும் தனித்தனியாகப் போய் "உங்களுக்குக் கிணறு உண்டா?" என்று கேட்டால் நாலு பேரும் உண்டு என்பார்கள். கூட்டிப் பார்த்து ஊரில் நாலு கிணறு என்று எழுதினால் அது யாருடைய பிழை? பதில் சொன்னவர்களுடையது இல்லை, கேட்ட விதத்துடையது.

இதுதான் நான் சொல்ல வருவது. "இந்த ஆப்ஜெக்ட் எவ்வளவு மெமரி பிடிக்கிறது" என்பது அந்த ஆப்ஜெக்ட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வியே இல்லை. வேறு யார் யார் அதே பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு எண் கொடுத்தால், அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அடுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டு பக்கமும் தவறும்

கெட்சைஸ்ஆஃப் எப்போதும் குறைத்துத்தான் காட்டும் என்று நினைக்க வேண்டாம். அதன்மேல் கட்டிய கருவிகள் கூட்டியும் காட்டும்.

பாண்டாஸில் ஆப்ஜெக்ட் வகை நெடுவரிசை ஒன்று, 10 லட்சம் வரிசைகள், எல்லாவற்றிலும் 'திருவண்ணாமலை' என்ற ஒரே ஸ்டிரிங் ஆப்ஜெக்ட். மெமரி அளவைச் சாதாரணமாகக் கேட்டால் விலாசங்களை மட்டும் எண்ணி 80 லட்சம் பைட் என்கிறது. 'டீப்' என்ற விருப்பத்தைக் கொடுத்துக் கேட்டால் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள ஸ்டிரிங்கின் அளவைக் கூட்டுகிறது. முன்பு எண்ணியதா என்று பார்ப்பதில்லை. 82 பைட் வீதம் 10 லட்சம் தடவை, அதோடு விலாசங்கள்: 9 கோடி பைட். உண்மை என்னவோ 80 லட்சமும் ஒரே ஒரு 82ம்தான். இங்கே ஆழமில்லாத எண் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது, 'ஆழமான' எண் பத்து மடங்குக்கு மேல் தள்ளிப் போகிறது. ஒவ்வொரு வரிசையும் தனித்தனி ஸ்டிரிங்காக இருந்தால் நிலைமை தலைகீழ். எது உங்கள் நிலைமை என்பதை எண் சொல்லாது.

நம்பையில் எதிர்ப்பக்கம். 10 லட்சம் தசம எண்கள் உள்ள அணி 80 லட்சம் பைட். அதிலிருந்து முதல் பத்தை மட்டும் வெட்டி ஒரு பெயரில் வைத்துக்கொண்டு, மூல அணியின் பெயரை அழித்துவிடுகிறோம். வெட்டிய துண்டைக் கேட்டால் நூற்றுச் சொச்சம் பைட் என்கிறது. ஆனால் அது தனிப் பிரதி இல்லை, மூல அணியின்மேல் திறந்த ஒரு ஜன்னல். ஜன்னல் இருக்கும்வரை 80 லட்சமும் உயிரோடு இருக்கும். நூற்றுச் சொச்சம் பைட் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் 80 லட்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறோம். நாள்கணக்கில் ஓடும் ஒரு புரோகிராமில் இப்படி நூறு துண்டுகளைச் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கெட்சைஸ்ஆஃப்பை மட்டும் நம்பித் தேடுகிறவருக்கு அந்தக் கசிவு கண்ணிலேயே படாது.

அளப்பதே எடை கூட்டும்போது

இன்னொரு சங்கடம். நாமே எழுதிய கிளாஸின் ஆப்ஜெக்ட்டுகளுக்கு, பண்புகளை வைத்துக்கொள்ளும் டிக்ட் என்ற உள் அகராதி ஒன்று உண்டு என்று படித்திருப்போம். 3.11 பதிப்பிலிருந்து அந்த அகராதி, யாராவது கேட்கும்வரை உருவாக்கப்படுவதே இல்லை. மெமரி சேமிக்கச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே புகுந்து அளக்கும் ரெசிபி அந்த அகராதியைக் கேட்கும்படி எழுதப்பட்டிருந்தால் சிக்கல். கேட்டவுடன் அது பிறக்கிறது, ஆப்ஜெக்ட்டோடு ஒட்டிக்கொள்கிறது. 10 லட்சம் ஆப்ஜெக்ட்டுகளை அளக்கப் போனால் இல்லாத 10 லட்சம் அகராதிகளை உண்டாக்கிவிட்டு, அவற்றையும் சேர்த்துக் கணக்குக் கொடுக்கும்.

ஸ்டிரிங்கிலும் இப்படி ஒன்று இருக்கிறது. சி மொழியில் எழுதிய ஒரு தொகுப்பு உங்கள் தமிழ் ஸ்டிரிங்கின் யூடிஎஃப்-8 வடிவத்தைக் கேட்டால், பைத்தான் அதைச் செய்து அந்த ஸ்டிரிங்கோடே சேர்த்து வைத்துக்கொள்ளக்கூடும். அதன் பிறகு அதே ஸ்டிரிங்கைக் கெட்சைஸ்ஆஃப் கேட்டால் எண் கூடியிருக்கும். ஸ்டிரிங் மாறாத பொருள் என்று பாடம். அதன் உள்ளடக்கம் மாறாது, எடை மாறும். ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஸ்டிரிங்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் இரண்டு வடிவமும் ஒன்றே. நம் எழுத்துக்கு உண்டு.

மறுத்தவர்களும் பெயர் வைத்தவர்களும்

பைத்தானின் இன்னொரு செயலாக்கமான பைபை இந்த விஷயத்தில் எடுத்த நிலை எனக்குப் பிடித்தது. அங்கே கெட்சைஸ்ஆஃப்பை அழைத்தால் எண் வராது, டைப்எரர் வரும். இப்படி அளந்து செய்யும் மெமரி ஆய்வு அங்கே உண்மையோடு பொருந்தாது, அதனால் தருவதில்லை என்று ஆவணத்தில் காரணமும் சொல்கிறார்கள். பயனருக்கு எரிச்சல் வரும்தான். ஆனால் தவறான நம்பிக்கை தரும் எண்ணை விட எரிச்சல் தரும் மறுப்பு மேல்.

ஜாவா உலகம் வேறு வழியில் போனது. ஒரு ஆப்ஜெக்ட்டின் அளவைச் சொல்லும் மெத்தட் அங்கேயும் இருக்கிறது, அது தோராயம்தான் என்று ஆவணம் சொல்கிறது. ஆனால் மெமரியை ஆராயும் கருவிகள் இரண்டு தனி அளவுகளுக்கு இரண்டு தனிப் பெயர்களை வைத்தன. எக்லிப்ஸின் மெமரி அனலைசர் 'ஷாலோ' என்று ஒரு எண்ணும், 'ரிட்டெய்ண்ட்' என்று இன்னொரு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். முன்னது ஆப்ஜெக்ட்டின் சொந்த அளவு. பின்னது அந்த ஆப்ஜெக்ட் போனால் எவ்வளவு விடுபடும் என்ற அளவு. இரண்டு நெடுவரிசையையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவருக்கு, ஒன்றை மற்றொன்று என்று நினைக்க வாய்ப்பே இல்லை. பெயர் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதற்கு இது சான்று.

தமிழில் நான் என் குறிப்புகளில் மூன்று சொற்களைப் பயன்படுத்துகிறேன். ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும் உரியது தன்னளவு. அதிலிருந்து எட்டக்கூடிய எல்லாம் சேர்ந்தது தொடரளவு. அதை அழித்தால் திரும்பக் கிடைப்பது விடுபடும் அளவு. மேலே சொன்ன இரண்டாவது டிக்ஷனரிக்குத் தன்னளவு 38 லட்சம், தொடரளவு 1.2 கோடி, விடுபடும் அளவு 38 லட்சம். முதலாவது டிக்ஷனரி இல்லாமல் இது மட்டும் இருந்தால் விடுபடும் அளவு 1.2 கோடி. ஆப்ஜெக்ட் அதேதான். பக்கத்து வீட்டுக்காரர் மாறினதும் அளவு மாறிவிட்டது.

அப்போ எதை வைத்து அளப்பது?

என்ன முடிவு எடுக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது.

எந்த வரி மெமரியைத் தின்கிறது என்று தெரிய வேண்டுமானால் ட்ரேஸ்மாலக். விக்டர் ஸ்டின்னர் எழுதிய பெப் 454 வழியாக 2014இல் 3.4 பதிப்போடு வந்தது. அது ஆப்ஜெக்ட்டுகளைப் பார்ப்பதில்லை, ஒதுக்கீடுகளைப் பார்க்கிறது. தொடக்கி வைத்த பிறகு நடக்கும் ஒவ்வொரு ஒதுக்கீடும் எந்தக் கோப்பில், எந்த வரியில் நடந்தது என்று குறித்துக்கொள்ளும். சொற்பட்டியலைக் கட்டுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், இரண்டின் வித்தியாசம். பகிர்வுச் சிக்கல் இங்கே தானாகவே தீர்கிறது, ஏனென்றால் ஒரு ஒதுக்கீடு ஒரு தடவைதான் நடக்கும். குறையும் உண்டு: பைத்தானின் ஒதுக்கிகள் வழியே போகாத, யாரும் தெரிவிக்காத மெமரி அதன் கண்ணில் படாது. வேகமும் குறையும், தனக்கென்று கொஞ்சம் மெமரியும் எடுத்துக்கொள்ளும்.

மெஷின் போதுமா என்று தெரிய வேண்டுமானால், ஆப்ஜெக்ட்டுகளை விட்டுவிட்டு முழு புரோசஸையும் பாருங்கள். இயங்குதளத்திடமே கேட்பது நல்லது. அதிலும் கவனம் தேவை. உச்சத்தில் எவ்வளவு தொட்டது என்ற எண் லினக்ஸில் கிலோபைட்டில் வரும், மேக்கில் பைட்டில் வரும். ஒரே ஸ்கிரிப்ட்டை இரண்டிலும் ஓட்டி ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் தெரியும். இன்னொன்று: டிக்ஷனரியை அழித்த பிறகும் புரோசஸின் அளவு இறங்காமலே இருக்கலாம். பைத்தான் சிறு ஆப்ஜெக்ட்டுகளுக்கு மெமரியைப் பெரிய பாளங்களாக வாங்குகிறது. 3.10 முதல் ஒரு பாளம் 1 எம்பி. பாளம் முழுக்கக் காலியானால்தான் திருப்பிக் கொடுக்கும். ஒரு மூலையில் ஒரு சொல் மிச்சமிருந்தாலும் பாளம் போகாது. அது கசிவு இல்லை, அடுத்த வேலைக்கு அந்த இடம் பயன்படும்.

விடுபடும் அளவு தெரிய வேண்டுமானால், எனக்குத் தெரிந்து மிக நேரான வழி சோதனைதான். புதிதாகத் தொடங்கிய ஒரு புரோசஸில் அந்தப் பொருளோடு ஒரு தடவை, அது இல்லாமல் ஒரு தடவை ஓட்டிக் கழித்துப் பாருங்கள். அழகான வழி இல்லை. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கே பதில் கிடைக்கும்.

கடைசியாக

கெட்சைஸ்ஆஃப்பை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் பெயரைத் தன்னளவு என்ற பொருளில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. பெயரை இனி மாற்ற முடியாது. எத்தனையோ புரோகிராம்கள் அதை நம்பி ஓடுகின்றன. ஆனால் அதைச் சொல்லித்தருகிற விதத்தை மாற்றலாம். லிஸ்ட்டையும் ஜெனரேட்டரையும் ஒப்பிடும் அந்தப் பாடத்துக்கு முன், 64 பைட் லிஸ்ட்டுக்குள் 1 ஜிபி ஸ்டிரிங்கை வைத்துக் காட்டினால் போதும். ஐந்து நிமிட வேலை. அதைப் பார்த்த மாணவர் பிறகு எந்த எண்ணைக் கண்டாலும் "இது எதன் எடை?" என்று கேட்பார்.

பெரிய நிறுவனத்தில் வேலை செய்கிறவருக்குத் தவறான எண்ணின் விலை இன்னொரு சர்வர், அவ்வளவுதான். கல்லூரி மடிக்கணினியில், 4 ஜிபி மெமரியில், ஒரு தமிழ்த் தொகுப்பை ஏற்ற முயல்கிறவருக்கு அப்படி இல்லை. 38 லட்சம் என்று நம்பி ஏற்றினது 1.2 கோடியாகி, அந்த மாதிரி இன்னும் முப்பது டிக்ஷனரிகளும் சேர்ந்து கணினி உறைந்து நின்றால், அவர் முடிவு செய்வது "இந்த வேலை என் கணினியில் ஆகாது" என்பதாகத்தான் இருக்கும். அதே சொற்களை முப்பது டிக்ஷனரியும் பகிர்ந்துகொள்ளும்படி எழுதினால் ஆகிவிடுமா என்று பார்க்கக்கூட மாட்டார், ஏனென்றால் பகிர்ந்தாலும் பகிராவிட்டாலும் கெட்சைஸ்ஆஃப் காட்டுவது ஒரே எண்தான்.

மேலே உள்ள எண்களை உங்கள் கணினியில் போட்டுப் பாருங்கள். வித்தியாசமாக வந்தால் முதலில் பதிப்பைப் பாருங்கள். 3.11இல் எழுத்துச் சாவி டிக்ஷனரிகளின் அமைப்பு மாறி, ஏழு சாவி உள்ள ஒரு சிறு டிக்ஷனரி 352 பைட்டிலிருந்து 272க்கு இறங்கியது. ஸ்டிரிங் 3.12இல் இறங்கியது. இனியும் மாறும். மெமரி அளவை எங்காவது எழுதி வைப்பதாக இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, மூன்று அளவுகளில் எது.